லே-ஆப் விட்டால் பாதிச் சம்பளம்! பல்கலைக்கழக ஊழியருக்கு உண்டா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அண்ணன் தொழிற்சாலைக்குப் போவார். தம்பி பல்கலைக்கழகத்தில் எழுத்தராக இருப்பார். திடீரென்று ஒரு நாள், "இன்று வேலை இல்லை" என்று சொல்லிவிட்டால்? இருவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே!

இப்படி வேலை தராமல் நிறுத்தி வைப்பதற்கு "லே-ஆப்" என்று பெயர். இது வேலை நீக்கம் அல்ல. ஆள் பெயர் பதிவேட்டில் இருக்கும். மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை, எந்திரம் பழுது, சரக்கு தேக்கம் ஆகியவை இதற்குக் காரணங்கள். 2019-ம் ஆண்டு வாகன விற்பனை சரிந்தது. அப்போது பாடியில் உதிரிபாகத் தொழிற்சாலைகள் சில நாட்கள் வேலையை நிறுத்தின.

எவ்வளவு கிடைக்கும்?

லே-ஆப் பணம் 1953-ல் சட்டமாயிற்று. 21-11-2025 முதல் புதிய தொழில் உறவுச் சட்டத்திலும் அது தொடருகிறது. 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், ஓர் ஆண்டு வேலை செய்தவருக்கு உண்டு. 240 நாள் வேலை செய்திருந்தால் ஓர் ஆண்டாகக் கணக்கு. தற்காலிக ஆளுக்கும் பதிலி ஆளுக்கும் இல்லை.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து நாளுக்கு ரூ.600 என்றால், ரூ.300 கிடைக்கும். ஆனால் நாள்தோறும் வேலை நேரத்தில் ஒரு முறையாவது ஆலைக்கு வந்து ஆஜராக வேண்டும். வராவிட்டால் அன்றையப் பணம் போச்சு!

300 பேர் வேலை செய்யும் ஆலை என்றால், அரசின் அனுமதி வேண்டும். மின்வெட்டு, இயற்கைச் சீற்றம் இவற்றுக்கு மட்டும் விலக்கு.

தம்பியின் கதி என்ன?

பல்கலைக்கழகம் "தொழில்" அல்ல என்று 1963-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 1978-ல் 7 நீதிபதிகள் அதை மாற்றினர். கல்வி நிலையமும் தொழில்தான் என்றனர். ஆனால் ஆசிரியர் "தொழிலாளி" அல்ல என்று 1988-ல் தீர்ப்பாயிற்று.

இதிலும் ஒரு சிக்கல். பாதிச் சம்பளம் தரும் பிரிவு தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்குத்தான். பல்கலைக்கழகம் அதில் சேராது.

அப்படியானால் கைவிரிக்க வேண்டியதுதானா? இல்லை. 1976-ல் பயர்ஸ்டோன் டயர் கம்பெனியின் டெல்லி ஆபீஸ் ஊழியர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழி காட்டியது. லே-ஆப் விடும் அதிகாரம் சட்டத்திலோ, ஒப்பந்தத்திலோ இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லை என்றால், ஊழியர் சம்பளம் கேட்கலாம்.

ஆகவே தம்பிக்கு ஒப்பந்தமே உயிர். "அவசர காலத்தில் சம்பளமின்றி நிறுத்தி வைக்கலாம்" என்ற ஒரு வரி அதில் இருந்தால், அந்த அதிகாரத்தை அவரே எழுதிக் கொடுத்ததாகும். அமெரிக்காவில் சில பல்கலைக்கழக ஊழியர் சங்கங்கள், எத்தனை நாள் முன்பு அறிவிக்க வேண்டும், யாரை முதலில் திரும்ப அழைக்க வேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகின்றன.

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு நாள் பொறுத்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து படித்துவிட்டுப் போடுவது நல்லது.