மூட்டுவாதக் கைகளுக்கு மென்மையான பயிற்சிகள்

மணிக்கட்டையும் சேர்த்து ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவை இணையும் மூட்டுகளை வாத நோய் பெரும்பாலும் இரு வகையில் தாக்குகிறது. வயது ஏறும்போது வரும் மூட்டுத் தேய்மானம், விரல் நுனியை ஒட்டிய மூட்டுகளையும் நடு மூட்டுகளையும் கட்டைவிரலின் அடியையும் பிடிக்கும். முடக்குவாதம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. மணிக்கட்டும் விரல்களின் அடி மூட்டுகளும் வீங்கும். காலையில் வெகுநேரம் விரல்கள் மடங்காது.

வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் விட்டால் தசை மெலியும், மூட்டு இறுகும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள 490 பேரிடம் நடந்த 'சாரா' ஆய்வு 2015-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு கைப்பயிற்சியும் செய்தவர்களின் கைகள் ஓராண்டுக்குப் பின் மற்றவர்களைவிட நன்றாக வேலை செய்தன. பயிற்சியால் வலி கூடவில்லை.

பயிற்சிக்கு முன் வெதுவெதுப்பான நீரில் கைகளைச் சில நிமிடம் வைத்திருந்தால் இறுக்கம் தளரும். பிறகு ஒவ்வொன்றையும் ஐந்து முதல் பத்து முறை, நிதானமாகச் செய்யலாம்.

மணிக்கட்டு: முன்கையை மேசைமேல் வைத்து, கையை விளிம்புக்கு வெளியே நீட்டி, மேலும் கீழும் மடக்க வேண்டும்.

கொக்கி: அடி மூட்டுகளை நேராக வைத்து, மேல் இரு மூட்டுகளை மட்டும் கொக்கிபோல் வளைத்து நீட்ட வேண்டும்.

தளர்ந்த முஷ்டி: விரல்களை மெல்ல மடக்கி, இறுக்காமல் மூடி, முழுதாக விரிக்க வேண்டும்.

கட்டைவிரல்: அதன் நுனியால் மற்ற விரல்களின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும்.

விரல் தூக்குதல்: உள்ளங்கையை மேசையில் பதித்து, விரல்களை ஒவ்வொன்றாக உயர்த்தி இறக்க வேண்டும்.

இவை பழகியபின், மென்மையான ஸ்பாஞ்சு பந்தை இலேசாக அழுத்திப் பிடிப்பது பிடிமானத்தைக் கூட்டும். கட்டைவிரல் அடியில் வலி இருப்பவர்கள் இதை மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மூட்டு சிவந்து, சூடேறி, வீங்கியிருக்கும் நாட்களில் அழுத்தும் பயிற்சி கூடாது. வலியில்லாத அளவுக்கு அசைத்தால் போதும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி நீடித்தால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும். விரல்களை மறு கையால் இழுத்து வளைப்பது தவறு. பயிற்சி மருந்துக்கு மாற்றாகாது. முடக்குவாதத்துக்கான மருந்தை நிறுத்தினால் மூட்டு சேதமடையக்கூடும். மருந்தோடு சேர்த்து, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை முறையாகக் கற்றுக்கொண்டு, நாள்தோறும் விடாமல் செய்வதே பலன் தரும்.