குழந்தை ஏந்திய பேய்: யப்பானியத் திகிற்படங்களும் எம்மவர் கதைகளும்

நள்ளிரவில் ஆளரவமற்ற வீதியிலே வெண்ணிற ஆடையணிந்த பெண்ணொருத்தி கைக்குழந்தையுடன் நின்று வாகனத்தை மறிக்கின்றாள். குழந்தையைச் சற்றே ஏந்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றாள். ஏந்துபவனுக்குத் தீங்கு நேரும் என்பர். இலங்கையிற் சிங்களவரும் தமிழரும் ஒருங்கே அறிந்த மோகினிக் கதை இது. வீதிகளுக்கு மின்விளக்கு வந்த பின்னரும் இக்கதை மறையவில்லை.

இதே பெண்ணை யப்பானிய நாட்டார் மரபிலும் காண்கின்றோம். அங்கே அவள் பெயர் உபுமே. மகப்பேற்றின்போது இறந்த அவள், வழிப்போக்கனிடம் தன் குழந்தையை ஏந்தும்படி கேட்பாள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'கொஞ்ஞாக்கு மொனொகத்தாரி' என்னும் கதைத் தொகுதியிலேயே அவள் இடம்பெறுகின்றாள். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது எனக் கொள்ளவேண்டியதில்லை. ஒத்த வாழ்நிலை ஒத்த கதையைத் தோற்றுவித்திருத்தல் கூடும்.

அவ்வாழ்நிலை யாது? 1930களின் தொடக்கத்தில் இலங்கையில் இலட்சம் பிறப்புக்களுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஏறக்குறைய முப்பதாகக் குறைந்துள்ளது. முற்காலத்தில் ஒவ்வோர் ஊரும் இத்தகைய சாவை நேரிற் கண்டிருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகத் தமிழர் சுமைதாங்கிக் கல் நாட்டினர். இறக்கப்படாத அவளது சுமையை வழிப்போக்கனின் சுமையாவது இறக்கி ஆற்றட்டும் என்பது அதன் உட்கருத்து. சுமைதாங்கி பரிவின் வடிவம். மோகினி அச்சத்தின் வடிவம். இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

யப்பானியத் திரைப்படத்தின் சிறப்பு, இவ்வச்சத்தின் பின்னுள்ள அநீதியை அது மறவாமையாகும். நான்காம் சுருயா நன்பொக்கு 1825இல் எழுதிய 'யொட்சுயா கைதான்' என்னும் கபுக்கி நாடகத்தில், வறிய சாமுராய் ஒருவன் செல்வர் வீட்டுச் சம்பந்தத்தை நாடித் தன் மனைவி ஓயிவாவைக் கைவிடுகின்றான். நஞ்சினால் முகஞ்சிதைந்து இறந்த அவள் ஆவியாகத் திரும்புகின்றாள். பலமுறை படமாக்கப்பட்ட இக்கதையை நக்ககாவா நொபுவோ 1959இல் நெறிப்படுத்திய படம் பெரிதும் போற்றப்படுகின்றது. சிந்தோ கனெத்தோவின் 'குரொனெக்கோ' (1968) படையினராற் கெடுத்துக் கொல்லப்பட்ட இரு குடியானவப் பெண்கள் பேயுருக்கொண்டு சாமுராய்களைப் பழிவாங்குவதைக் காட்டுகின்றது. இங்கு பேய் என்பது நீதிமன்றம் ஏறமுடியாதவரின் முறையீடாகும்.

நகர வாழ்வும் தன் பேய்களைப் படைத்துக்கொள்கின்றது. 1979இல் 'வாய் கிழிந்த பெண்' பற்றிய வதந்தி யப்பானியப் பள்ளிச் சிறாரிடையே பரவிப் பீதியை ஏற்படுத்தியது. 2007இல் அதுவும் படமாயிற்று. நக்கத்தா ஹிதெயோவின் 'ரிங்கு' (1998) கிணற்றிற் கொல்லப்பட்ட பெண்ணின் பழைய கதை மரபை ஒளிநாடாவினுள் புகுத்தியது. நாடாவைப் படியெடுத்துப் பிறருக்குக் காட்டுபவரே தப்பலாம் என்ற அதன் விதி, தன் துன்பத்தைப் பிறர்மீது சுமத்தி வாழும் நகர மனிதனை இனங்காட்டுகின்றது.

எம்மிடமும் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக ஏந்திவந்து, தன்னைக் கொன்ற கணவனிடம் மறுபிறவியிற் பழிதீர்க்கும் பழையனூர் நீலி உபுமேயின் உடன்பிறப்பு எனலாம். ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) மருத்துவமனைக்கென வாங்கிய நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட திருநங்கையைப் பேயாக்கியது. 2016இல் டொனால்ட் ஜயந்த அதனை 'மாயா' எனச் சிங்களத்தில் ஆக்கினார். நிலம், அதிகாரம், புறக்கணிப்பு ஆகிய மூன்றும் அக்கதையில் உள. எனினும் நகைச்சுவையும் சண்டையும் அவற்றின் கூர்மையை மழுக்கிவிட்டன என்பதை மறுத்தற்கில்லை.

பேய்ப்படங்கள் மூடநம்பிக்கையை வளர்ப்பன என முற்போக்காளர் ஒதுக்குவதுண்டு. பாதிக்கப்பட்ட பெண்ணையே அச்சத்துக்குரியவளாக்கும் ஆணாதிக்க நோக்கும் இக்கதைகளில் உண்டு. ஆயினும், பேய் உண்டா என்பதன்று ஆய்வாளன் எழுப்பவேண்டிய வினா. அப்பெண் எவ்வாறு இறந்தாள் என்பதே. அவ்வினாவை எழுப்பும் படம் மூடநம்பிக்கையை வளர்ப்பதில்லை. மறக்கப்பட்ட ஒரு சாவுக்குச் சாட்சி கூறுகின்றது. இரவு வீதியில் நிற்கும் மோகினியிடம் அவ்வினாவைக் கேட்கும் படம் இலங்கையிலும் தோன்றுதல் வேண்டும்.