மணலில் நிற்காத கறுப்பு

பிரேசிலின் மானவுஸ் நகருக்கு அருகே இரண்டு பேராறுகள் கூடுகின்றன. ஆண்டீஸ் மலையின் வண்டலைச் சுமந்து வரும் சொலிமோயிஸ் வெளிர்பழுப்பு. வடக்கிலிருந்து இறங்கும் ரியோ நீக்ரோ கறுப்பு. கூடிய பிறகும் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டும் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறு வேறாக இருப்பதே காரணம்.

பெயர்தான் கறுப்பு, ரியோ நீக்ரோ கலங்கல் ஆறு அல்ல. கண்ணாடிக் குவளையில் மொண்டு பார்த்தால் பால் சேர்க்காத தேநீர் மாதிரித் தெளிவாக இருக்கும். நீருக்குள் கையை இறக்கினால் தோல் முதலில் செம்மஞ்சளாகத் தெரியும். ஆழம் கூடக்கூடச் செம்பழுப்பாகிப் பிறகு கண்ணுக்கே தெரியாமல் போகும். ஒளியின் நீலத்தை இந்த நீர் முதலிலேயே விழுங்கிவிடுகிறது, சிவப்புதான் கொஞ்சமாவது உள்ளே இறங்குகிறது. இந்த நிறத்தைத் தருவது காட்டின் இலையும் கட்டையும் வேரும் மட்கிக் கரைந்த கரிமப் பொருள். அதில் பெரும்பகுதியை வேதியியலாளர்கள் ஹியூமிக் பொருள்கள் என்கிறார்கள்.

அமேசானில் இலை உதிராத இடமே கிடையாது. அப்படியானால் எல்லா ஓடையும் கறுத்திருக்க வேண்டுமே? மானவுஸைச் சுற்றியுள்ள களிமண் மேட்டு நிலங்களில் பிறக்கும் சிற்றோடைகள், அடர்ந்த காட்டுக்குள்ளேயே ஓடினாலும், தெளிந்த நீராகத்தான் வருகின்றன. வேறுபாடு மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. களிமண் துகளும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் மட்கிய பொருளைத் தம் மேற்பரப்பில் இறுகப் பற்றிக்கொள்ளும். மழைநீர் மண்ணுக்குள் ஊறி வெளியே வரும்போது நிறத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. ரியோ நீக்ரோவின் நீர்ப்பிடிப்பிலோ வெள்ளை மணல் பரப்பு மிகுதி. குவார்ட்ஸ் மணலுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. மண்ணில் தங்க முடியாத கறுப்பு ஆற்றில் இறங்கிவிடுகிறது. வயலின் வளமும் ஆற்றின் நிறமும் ஒரே பொருளின் கணக்கு என்பதை இவ்வளவு பெரிதாக எழுதிக் காட்டும் இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

அந்தப் பொருள்தான் என்ன? 1786-இல் ஃபிரான்ஸ் கார்ல் அஷார் என்ற ஜெர்மன் வேதியியலாளர், சதுப்பு நிலத்தில் பாதி மட்கிக் கிடந்த தாவரப் படிவத்தைக் காரக் கரைசலில் ஊறவைத்தார். அந்த முறை இன்றும் ஆய்வகங்களில் இருக்கிறது. மட்கு நிறைந்த மண்ணில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஊற்றிக் கலக்கி வைத்தால் கரும்பழுப்புச் சாறு தெளியும். அதை வடித்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது சாறு திரிந்து, கருந்துணுக்குகள் திரண்டு மெல்ல அடியில் இறங்கும். மேலே வைக்கோல் நிற நீர் நிற்கும். அடியில் இறங்கியது ஹியூமிக் அமிலம். மேலே கரைந்து நிற்பது ஃபுல்விக் அமிலம். காரத்திலும் கரையாமல் மண்ணோடு தங்கிவிட்டது ஹியூமின்.

இவை நுண்ணுயிரிகளால் எளிதில் தின்ன முடியாத ராட்சத மூலக்கூறுகள், அதனால்தான் மண்ணில் நெடுங்காலம் நீடிக்கின்றன என்று பல தலைமுறைப் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2015-இல் யோஹானஸ் லேமன், மார்க்குஸ் கிளேபர் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இதை மறுத்து எழுதினார்கள். அப்படிப்பட்ட மூலக்கூறுகள் மண்ணில் இருக்கும் நிலையிலேயே காணக் கிடைக்கவில்லை. கடுங்காரம் போட்டுப் பிரித்தெடுப்பதால் கிடைப்பதை மண்ணின் இயல்பாக எண்ணிவிட்டோம். உண்மையில் இருப்பது படிப்படியாகச் சிதைந்துகொண்டே போகும் பல அளவுத் துண்டுகள் என்பது அவர்கள் வாதம். ஆய்வாளர்களிடையே இதற்கு எதிர்ப்பும் உண்டு. ஆனால் வெள்ளை மணலும் களிமண்ணும் காட்டும் வேறுபாட்டைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் பக்கமே சரியாகப் படுகிறது. மட்கு நிலைப்பது தன் உறுதியால் மட்டுமல்ல. எங்கே ஒட்டியிருக்கிறது, நுண்ணுயிரியின் நொதி அங்கே எட்டுகிறதா, காற்று புகுகிறதா என்பதைப் பொறுத்தும்தான். உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமக் கார்பன் இருக்கிறது. காற்று மண்டலத்தில் உள்ள கார்பனைவிட இது அதிகம். அவ்வளவும் இந்த ஒட்டுதலையும் ஒதுங்கலையும் நம்பிக் கிடக்கிறது.

நீருக்குள் போன பங்கும் சும்மா இருப்பதில்லை. ரியோ நீக்ரோவின் அமிலத்தன்மை கடுமையானது, பி.ஹெச். அளவு பல இடங்களில் 5-க்கும் கீழே. உப்புகளோ மிகச் சொற்பம். இப்படிப்பட்ட நீரில் மீனின் உடலிலுள்ள சோடியம் செவுள் வழியே கசிந்து வெளியேறி, மீன் செத்துப்போக வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான மீனினங்கள் அங்கே வாழ்கின்றன. வீட்டுத் தொட்டிகளில் நீந்தும் கார்டினல் டெட்ராவின் தாயகங்களில் ஒன்று அந்த ஆறு. நீரில் கரைந்த கரிமப் பொருள் செவுளில் படிந்து சோடியம் கசிவைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆற்றை அமிலமாக்கும் பொருளே மீனைக் காக்கவும் செய்கிறது.

குடிநீரில் இதே பொருள் தொல்லையாகிறது. 1974-இல் ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தின் வேதியியலாளர் ரூக், பழுப்பேறிய ஆற்று நீரில் குளோரின் சேரும்போது குளோரோஃபார்மும் அதன் உறவுச் சேர்மங்களும் உருவாவதைக் கண்டறிந்தார். இதைப் படித்துக் குளோரினையே வெறுத்துவிடக் கூடாது. காலராவையும் டைபாய்டையும் தடுத்து நிறுத்தியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. படிகாரம் போட்டுக் கரிமப் பொருளை முதலில் திரட்டி இறக்கிவிட்டு, பிறகு குளோரின் சேர்ப்பதுதான் முறை.

நம் ஊர்க் கரிசலைப் பார்த்து, இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, மட்கு நிறைய இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் கரிமக் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதற்குக் கீழேயும் போகும். களிமண்ணோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மட்கும், இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமங்களும் சேர்ந்து கொடுக்கும் நிறம் அது. நம் வெயிலில் மட்கு விரைவாகச் சிதைவதால், தொடர்ந்து போட்டால்தான் தங்கும்.

உரக்கடையில் இப்போது ஹியூமிக் அமிலம் போத்தலில் கிடைக்கிறது. பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கிறார்கள். நெய்வேலிக் கரியிலும் எடுக்கலாம். வேர் வளர்ச்சிக்கு உதவலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஹெக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 2,000 டன் எடை. அதில் கார்பனை 0.1 சதவீதம் உயர்த்தவே 2 டன் கார்பன் மண்ணில் தங்கியாக வேண்டும். போடுவதில் பெரும்பகுதி கரியமில வாயுவாகிக் காற்றில் போய்விடும் என்பதால், போட வேண்டியது அதைப்போலப் பல மடங்கு. அந்தப் பாரத்தைத் தொழு உரமும், சணப்பையும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுத வயலும், எரிக்காமல் விட்ட வைக்கோலும்தான் தூக்கும்.