நிலவுப் பயண ஒளிபரப்பும் வால்பாறையின் நினைவும்

1968 டிசம்பர் முதல் 1972 டிசம்பர் வரை அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலங்களில் மனிதர்கள் ஒன்பது முறை நிலவை நோக்கிச் சென்றனர். ஆறு முறை தரையிறங்கினர். பன்னிரண்டு பேர் நிலவில் நடந்தனர். இப்பயணங்களைக் காட்டிய அக்காலத் தொலைக்காட்சிச் செய்தி ஒளிபரப்புகளின் மீது இன்று உலகெங்கும் ஒரு பழைய நினைவு ஏக்கம் நிலவுகிறது. மங்கலான கறுப்பு வெள்ளைப் படம், தடித்த கண்ணாடி அணிந்த செய்தியாளர், அட்டையில் செய்த விண்கல மாதிரி, இரைச்சலுக்கு நடுவே வரும் விண்வெளி வீரரின் குரல் ஆகியவை அந்த ஏக்கத்தின் அடையாளங்கள்.

தமிழ்நாட்டிலும் இந்த ஏக்கம் உண்டு. ஆனால் இங்கு அதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஒளிபரப்பை அந்த நாளில் தமிழ்நாட்டில் எவரும் பார்த்திருக்க முடியாது. கோவை மாவட்டத்தின் மலை நகரான வால்பாறையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும்.

தொலைக்காட்சி இல்லாத நாடு

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1969-இலும் நாட்டின் ஒரே தொலைக்காட்சி நிலையம் டெல்லி நிலையம்தான். அது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இயங்கியது. பம்பாய் நிலையம் 1972 அக்டோபரில் வந்தது. சென்னை நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அப்பல்லோ வரிசையின் கடைசி நிலவுப் பயணமான அப்பல்லோ 17 பூமிக்குத் திரும்பி அப்போது இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அதாவது அப்பல்லோ பயணங்களில் ஒன்றுகூட, தமிழ்நாட்டில் தொலைக்காட்சி இருந்த காலத்தில் நடக்கவில்லை.

வெளிநாட்டு ஒளிபரப்பைச் செயற்கைக்கோள் வழியாகப் பெறுவதற்கான ஆர்வி தரைநிலையமும் (மகாராட்டிரத்தில் புனே அருகே உள்ளது) 1971-இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது.

1969 ஜூலை 21, திங்கட்கிழமை

அப்பல்லோ 11-இன் ஈகிள் கலம் நிலவில் இறங்கியபோது இந்திய நேரம் ஜூலை 21 அதிகாலை 1.47. நீல் ஆம்ஸ்ட்ராங் ஏணியிலிருந்து இறங்கி நிலவில் கால் வைத்தபோது காலை 8.26. அமெரிக்காவில் அது ஞாயிறு இரவு, குடும்பத்தோடு தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம். வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களில் அது திங்கட்கிழமை காலை, கொழுந்து பறிக்கும் வேலை நேரம்.

ஜூலை மாதம் வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களில் ஒன்று. மேகம் விலகியிருந்தாலும் அந்தக் காலையில் வானத்தில் நிலவைப் பார்த்திருக்க முடியாது. ஜூலை 14 அன்றுதான் அமாவாசை கழிந்திருந்தது. ஆறு நாள் வளர்பிறை முந்தைய இரவு, நள்ளிரவுக்கு முன்பே மேற்கில் மறைந்துவிட்டது, காலை 8.26-க்கு அது இன்னும் உதிக்கவில்லை. மனிதன் நிலவில் நடந்துகொண்டிருந்த நேரத்தில் நிலவு தமிழ்நாட்டின் தொடுவானத்துக்குக் கீழே இருந்தது. நிலவு தெரிந்த அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த ஆண்டெனாக்களே அந்தப் படத்தை வாங்கின.

மலைக்குச் செய்தி வந்த வழி

வால்பாறைக்குச் செய்தி இரண்டு வழியாக வந்தது. ஒன்று வானொலி, மற்றொன்று நாளிதழ்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை ஏறக்குறைய 64 கிலோமீட்டர். வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். நாளிதழ் இந்தப் பாதையில்தான் ஏறி வரவேண்டும். காலை 8.26-க்கு நடந்த ஒன்று அன்றைய காலை நாளிதழில் இருக்க வழியில்லை. ஆகவே ஆம்ஸ்ட்ராங்கின் காலடியை அச்சில் தாங்கிய காலை நாளிதழ் ஜூலை 22-இன் நாளிதழ். அந்த வாரம் நாளிதழ்களில் இடத்துக்குப் போட்டியும் இருந்தது. ஜூலை 19 அன்றுதான் இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியிருந்தது.

வானொலிக்கு வளைவுகள் பொருட்டல்ல. திருச்சி வானொலி 1939 முதலும் கோவை வானொலி 1966 முதலும் மத்திய அலையில் ஒலித்தன. மலைகளுக்கு இடையே மத்திய அலை வலுவிழக்கும். சிற்றலை அப்படியன்று. அது வானத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி மேலிருந்து இறங்குவதால், பள்ளத்தாக்கில் இருக்கும் பெட்டியையும் எட்டும். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, பிபிசி போன்ற நிலையங்கள் நிலவு இறக்கத்தைச் சிற்றலையில் நேரடியாக ஒலிபரப்பின. குரல் அலைபோல ஏறி இறங்கும், நடுவில் காணாமல் போகும், மறுபடி வரும். விண்வெளியிலிருந்து வரும் இரைச்சல் எது, சிற்றலையின் இரைச்சல் எது என்று கேட்பவருக்குப் பிரித்தறிய முடியாது.

வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் கட்டணம் கட்டி உரிமம் எடுக்கவேண்டிய காலம் அது. தோட்டத்தில் அனைவரிடமும் பெட்டி இருக்காது. ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொல்வதே செய்தி பரவிய முறை. செய்தியைக் கேட்டவர்கள் படத்தைத் தாங்களே மனத்தில் வரைந்துகொண்டார்கள். சில வாரம் கழித்துத் திரையரங்குகளில் படத்துக்கு முன் ஓடும் செய்திச் சுருளும் வார இதழ்களில் வந்த ஒளிப்படங்களும் அந்தக் கற்பனைக்கு உருவம் கொடுத்தன.

மற்ற நாடுகள் பார்த்தது

உலகில் ஏறத்தாழ 60 கோடிப் பேர் அந்த ஒளிபரப்பைப் பார்த்ததாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனத்தில் வால்டர் குரோன்கைட் ஒரு நாளுக்கும் மேலாகத் தொடர்ந்து ஒளிபரப்பை நடத்தினார். கலம் இறங்கிய நொடியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேச்சின்றி அமர்ந்திருந்த அவர் முகம் இந்த ஏக்கத்தின் மையப் படங்களில் ஒன்று. பிரிட்டனில் பிபிசியின் அரங்கில் வானியல் அறிஞர் பாட்ரிக் மூரும் ஜேம்ஸ் பர்க்கும் விளக்கம் தந்தனர்.

அப்படம் மங்கலாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நிலவிலிருந்த ஒளிப்படக் கருவி நொடிக்கு 10 சட்டங்களும் 320 வரிகளும் கொண்ட மெதுவான முறையில் படம் அனுப்பியது. வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு அந்த முறை பொருந்தாது. எனவே தரைநிலையத்தில் ஒரு திரையில் அப்படத்தை ஓடவிட்டு, அதன் முன் சாதாரணத் தொலைக்காட்சிக் கருவியை நிறுத்தி மறுபடி படம் பிடித்தார்கள். உலகம் கண்டது படத்தின் படத்தை. முதல் சில நிமிடங்கள் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் ஆகிய நிலையங்களின் படங்களும் பிறகு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியின் படமும் பயன்படுத்தப்பட்டன.

அடுத்தடுத்த பயணங்களில் மக்களின் ஆர்வம் வேகமாகக் குறைந்தது. அப்பல்லோ 12-இல் ஆலன் பீன் வண்ணக் கருவியைத் தவறுதலாகச் சூரியனை நோக்கித் திருப்ப, அது பழுதாகி ஒளிபரப்பே நின்றது. அப்பல்லோ 13 வீரர்கள் விபத்துக்குச் சற்று முன் நடத்திய ஒளிபரப்பை அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் எவையும் நேரடியாகக் காட்டவில்லை. கலத்தில் வெடிப்பு நிகழ்ந்த பிறகே எல்லாரும் திரும்பி வந்தனர். இன்று ஏங்கப்படும் ஒளிபரப்பு, நடந்த காலத்தில் மூன்றாம் முறையே அலுத்துப்போன ஒன்று என்பதை ஏக்கம் மறந்துவிடுகிறது.

அழிந்த நாடாக்கள்

நிலவிலிருந்து வந்த மூலப் படம் தரைநிலையங்களில் தனி நாடாக்களில் பதிவானது. மாற்றம் செய்யப்படாத, தெளிவு கூடிய படம் அதுவே. பிற்காலத்தில் நாசா அந்த நாடாக்களைத் தேடியபோது, அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்கு மறுபடி பயன்படுத்தப்பட்டுவிட்டன என்ற முடிவுக்கே வரவேண்டியிருந்தது. நாடா விலை உயர்ந்தது, தட்டுப்பாடும் இருந்தது என்பதைத் தவிர இதில் சதி ஏதுமில்லை. 2009-இல், நாற்பதாம் ஆண்டையொட்டி, பல நிறுவனங்களிடம் எஞ்சியிருந்த ஒளிபரப்புப் பிரதிகளைச் சேர்த்துக் கணினி வழியாகச் சீரமைத்து வெளியிட்டனர். பிபிசியின் அரங்கப் பதிவுகளிலும் பெரும்பகுதி இன்று இல்லை.

மலைக்கு வந்த தொலைக்காட்சி

1975-இல் சென்னை நிலையம் தொடங்கியதும் கொங்குநாட்டுக்குப் படம் வந்துவிடவில்லை. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவையும் மலையையும் தாண்டாது. சென்னைக்கும் கோவைக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீட்டர். 1984-இல் நாடெங்கும் குறைதிறன் ஒளிபரப்பிகள் வேகமாக நிறுவப்பட்டன. கொடைக்கானல் மலையில் உயர்திறன் ஒளிபரப்பி அமைந்த பிறகு தென்மாவட்டங்களில் பரவலாகப் படம் கிடைத்தது. வால்பாறை போன்ற இடத்தில் ஆண்டெனாவை எத்தனை உயரம் தூக்கினாலும், எதிரே மலை நின்றால் திரையில் புள்ளிகளே தெரியும். சிற்றலை இறங்கிய பள்ளத்தாக்கில் தொலைக்காட்சி அலை இறங்கவில்லை. கேபிளும் வீட்டுக்கூரைத் தட்டும் வந்த பிறகே இந்தக் குறை தீர்ந்தது.

ஆகவே தமிழ்நாட்டினர் ஆம்ஸ்ட்ராங் நடந்த காட்சியைத் திரையில் கண்டது பல ஆண்டுகள் கழித்து, ஆண்டுவிழா நிகழ்ச்சிகளிலும் ஆவணப்படங்களிலும், பின்னர் யூடியூபிலும்தான்.

நினைவு இடம் மாறுவது

இருந்தும், அந்தக் காட்சியை அன்றே தொலைக்காட்சியில் பார்த்ததாக மனமார நம்புவோர் இருக்கக்கூடும். அது பொய் ஆகாது. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் அச்செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுக்குப் பின் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்வி மறுபடி கேட்கப்பட்டது. முதலில் தொலைக்காட்சி வழியே அறிந்ததாகச் சொன்னவர்கள் 21 விழுக்காடு. பின்னர் அப்படிச் சொன்னவர்கள் 45 விழுக்காடு. நண்பர் வந்து சொன்ன நினைவு மங்கி, திரும்பத் திரும்பக் கண்ட திரைக்காட்சி அந்த இடத்தில் அமர்ந்துகொண்டது. தங்கள் கையெழுத்தையே காட்டியபோதும் அவர்களுக்குப் பழைய நினைவு திரும்பவில்லை.

இரண்டரை ஆண்டில் இப்படி என்றால், ஐம்பது ஆண்டுக்கு மேல் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இழக்கப்படுவது சாதாரணமான ஒன்றன்று. குரோன்கைட்டின் முகம் காப்பகத்தில் இருக்கிறது. மழையில் நனைந்த ஒரு தோட்டத்தில் செய்தி எப்படிக் காது மாறிக் காது சென்றது என்பது எந்தக் காப்பகத்திலும் இல்லை.

கொங்குநாடு பார்த்த நிலவு

நேரலையில் கொங்குநாடு முதலில் கண்ட நிலவுப் பயணங்கள் ஆளில்லாதவை. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, வால்பாறைக்குக் கீழே பொள்ளாச்சிப் பகுதியிலுள்ள கோதவாடியில் 1958-இல் பிறந்தவர். அப்பல்லோ 11 இறங்கியபோது அவருக்கு வயது 11. நிலவு மண்ணைப் போன்ற மாதிரி மண்ணைத் தயாரிக்க இஸ்ரோ பயன்படுத்திய அனார்த்தோசைட் பாறை, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்து வந்தது.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்குச் சந்திரயான்-3 இறங்கியதைக் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்டனர். அவர்கள் கண்டதில் பெரும்பகுதி கட்டுப்பாட்டு அறையும், கலத்தின் உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கணினி வரைபடமும். இறங்கும் கலம் எடுத்த படங்கள் பின்னர் வெளியாயின. படம் எத்தனை மங்கலாக இருந்தாலும், 1969-இன் ஒளிபரப்பு நிலவிலிருந்து அந்த நேரத்திலேயே வந்த படம் என்ற ஒரு பெருமையை இன்னும் இழக்கவில்லை.

யாரிடம் கேட்பது

1969-இல் பத்து வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளருக்கு இன்னொரு தடையும் உண்டு. லயன் வீடு வேலையோடு வருவது. ஓய்வு பெற்றால், குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யவில்லை என்றால், வீட்டைக் காலி செய்யவேண்டும். இப்படி வால்பாறையின் முதியோர் பலர் பொள்ளாச்சி, கோவை, திருப்பூர் என்றும் தங்கள் முன்னோரின் தென்மாவட்ட ஊர்கள் என்றும் சிதறிப் போகிறார்கள்.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் இத்தகைய நினைவுகளைப் பதிவு செய்யும்போது கேள்வி கேட்கும் முறை முக்கியம். "நிலவில் மனிதன் இறங்கியதைப் பார்த்தீர்களா?" என்று தொடங்கினால், பின்னாளில் கண்ட படமே பதிலாக வரும். அன்று எங்கே நின்றிருந்தீர்கள், யார் வந்து சொன்னார்கள், வானொலிப் பெட்டி யாருடையது, சொன்னதை முதலில் நம்பினீர்களா, அன்றிரவு மழை விட்டதா என்று கேட்கலாம். பதில் சொல்பவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் அப்படியே குறித்துக்கொள்ளலாம்.