சேதத்தைக் கணக்கெடுப்பது யார்?

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சிங்காநல்லூர் குளமும் நொய்யலும் நிரம்பும். தண்ணீர் முதலில் நுழைவது தாழ்வான தெருக்களில். அந்தத் தெருக்களில் யார் குடியிருக்கிறார்கள் என்பது இந்தப் பகுதியின் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். மறுநாள் வி.ஏ.ஓ. வருவார், நோட்டில் பெயர் எழுதுவார், போட்டோ எடுப்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, சேதமடைந்த குடிசைக்கான நிவாரணத்தை அரசு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியது. அதில் தகரக் கூரையைக்கூட முழுதாக மாற்ற முடியாது. அரசு நிவாரணத்தைப் பற்றி நாம் பலமுறை பேசியாயிற்று. இப்போது பேச வேண்டியது இன்சூரன்ஸ் பற்றி.

"நம்ம ஆளுங்களுக்கு ஏதுங்க இன்சூரன்ஸ்?" என்று கேட்பீர்கள். நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள், தாட்கோ மானியத்தோடு வங்கியில் கடன் வாங்கிக் கடை வைத்தவர்கள் தங்கள் கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை காப்பீட்டு பிரீமியம் என்று ஒரு தொகை பிடிக்கப்பட்டிருக்கலாம். பணம் நம்முடையது, பாலிசி வங்கியின் ஃபைலில். வீடு இடிந்த பிறகும் அந்தத் தாள் இருப்பதே தெரியாமல் வட்டிக்குக் கடன் வாங்கிச் சுவர் எழுப்பிய குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்த ஒரு அக்காவுக்கு நடந்தது இது. மழையில் ஊறிய பக்கச் சுவர் கூரையோடு உள்ளே சரிந்தது. இரண்டு தையல் மெஷின், தீபாவளிக்குத் தைத்து முடித்த துணி, பீரோ எல்லாம் மண்ணுக்குள். கடன் ஃபைலில் பாலிசி இருந்தது தெரிந்து, பத்து நாள் கழித்துத் தகவல் கொடுத்தார்கள். அதற்குள் தெருவே சேர்ந்து இடிபாட்டை அள்ளிக் கொட்டியாகிவிட்டது. மதிப்பிட வந்தவர் காலி இடத்தைத்தான் பார்த்தார். மெஷினுக்கு பில் இல்லை. துணிக்குக் கணக்கு இல்லை. கடைசியில் ஒரு சிறு தொகையைக் குறித்து, ஒரு படிவம் நீட்டினார்கள். அதில் 'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை ஏதும் இல்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அக்கா நம்மிடம் கேட்டார்: "ஏனுங்க தோழர், இதுல கையெழுத்துப் போட்டா மீதிப் பணம் அப்புறம் வருமுங்களா?"

வராதுங்க அக்கா என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தின் பெயர் டிஸ்சார்ஜ் வவுச்சர். ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ கையெழுத்து வாங்கியிருந்தால் அது மட்டுமே நம் உரிமையைப் பறித்துவிடாது என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் நெருக்கடி கொடுத்ததை நிரூபிக்கும் பாரம் நம் தலையில். போட்டுவிட்டு வழக்காடுவதைவிடப் போடும் முன் ஒருவரிடம் கேட்பது மேல். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

சேதத்தை மதிப்பிட வருபவருக்கு சர்வேயர் என்று பெயர். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர். நிலம் அளக்கும் சர்வேயர் வேறு, இவர் வேறு. நடுநிலையாக மதிப்பிட வேண்டும் என்பது விதி; அப்படி நடப்பவர்களும் உண்டு. ஆனாலும் அவரை அனுப்புவது கம்பெனி, அவருக்குக் கூலி கொடுப்பதும் கம்பெனி. "இந்த வீட்டுக்கு இவ்வளவுதான் பெறும்" என்று வாசலில் நின்றே முடிவுகட்டும் பார்வை எங்கிருந்து வருகிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் பாலிசிதாரர் பக்கம் நின்று சேதத்தைக் கணக்கிடுவதற்கென்றே உரிமம் பெற்ற தொழில்முறை ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அப்படி உரிமம் பெற்ற தொழில் இல்லை. அந்த வெற்றிடத்தில் 'கிளைம் வாங்கித் தருகிறேன், வருவதில் இவ்வளவு பங்கு' என்று கிளம்பும் தரகர்கள்தான் நுழைகிறார்கள்.

அவர்களிடம் போக வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையைத் தருகிறது. வருமானச் சான்று தேவையில்லை, சாதிச் சான்று போதும். பெண்களுக்கும் வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்கும் அதே பிரிவில் இடம் உண்டு. கோவை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். "ஓசி வக்கீல் என்னத்தைங்க பாத்துருவாரு" என்று நம்மவர்களே சலித்துக்கொள்கிறார்கள். ஏனோதானோ என்று இருப்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அப்படி இருந்தால் வேறு வழக்கறிஞரைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். இது தர்மம் இல்லை, சட்டம் தந்த உரிமை.

வழக்கறிஞர் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. இடிபாட்டை அள்ளும் முன் நாலு பக்கமும் செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். உடைந்த பொருளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. சர்வேயர் பார்க்கும்வரை அதுதான் சாட்சி. அன்றைக்கே கம்பெனிக்கும் வங்கிக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து நகலில் முத்திரை வாங்க வேண்டும். தாமதமானாலும் விட்டுவிட வேண்டாம். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கிளைமை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே 2011-ல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சர்வேயர் ஒரு தொகை சொன்னால், கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் நாமும் ஒரு மதிப்பீடு வாங்கி வைக்க வேண்டும். நம் தெருக்களிலேயே இப்போது சிவில் படித்த தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். கல்யாண பேனரில் பட்டம் போட்டதோடு நிற்காமல் இதற்கும் வரட்டும். சர்வேயரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அந்த அறிக்கை முடிந்த முடிவல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும். வெள்ளம், புயல், தீ, கலவரம் எல்லாம் இதில் அடங்கும். வீட்டின் மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, அந்த விகிதத்தில் இழப்பீட்டைக் குறைக்க இதில் வழியில்லை. கடை, பட்டறைப் பாலிசிகளில் இந்தச் சலுகைக்கு வரம்பு உண்டு. அதனால் கையில் இருப்பது எந்தப் பாலிசி என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கம்பெனி மறுத்தாலோ, புகாருக்கு ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, அங்கே வக்கீலுக்கு அனுமதியும் இல்லை. ஆகவே மனுவை முன்கூட்டியே ஆள் வைத்து ஒழுங்காக எழுதிக்கொள்வது முக்கியம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு அவகாசம். கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கும் கட்டணம் இல்லை. நிரந்தர மக்கள் நீதிமன்றமும் இன்சூரன்ஸ் தகராறுகளை எடுக்கும். அதன் தீர்ப்பே இறுதி என்பதால் யோசித்துப் போக வேண்டும்.

மழை மட்டும் நம் வீடுகளை இடிப்பதில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. வீட்டோடு சான்றிதழ்களும் பத்திரங்களும் கருகின. என்னென்ன இருந்தது என்று சொல்லக்கூடிய தாள்களே சாம்பலானால் எதை வைத்துக் கணக்குக் காட்டுவது? இந்த நிலைமைக்குத்தான் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 இருக்கின்றன. 6-ஆவது விதிப்படி, வன்கொடுமை நடந்த இடத்துக்கு அதிகாரிகள் நேரில் வந்து பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் உடைமை இழப்பின் விவரத்தையும் எழுத வேண்டும். முற்றிலும் எரிந்த வீட்டுக்குப் பதிலாக அரசு செலவில் செங்கல்லோ கல்லோ வைத்து வீடு கட்டித் தர வேண்டும் என்று விதிகளின் இணைப்பு சொல்கிறது. 12-ஆவது விதியின்படி, இந்த நிவாரணம் வேறெந்தச் சட்டத்தின் கீழும் இழப்பீடு கேட்கும் உரிமையைக் குறைக்காது. ஆகவே இன்சூரன்ஸ் பணம் வருகிறதே என்று சொல்லி அரசு நிவாரணத்தைத் தட்டிக்கழிக்க முடியாது.

அதிகாரி எழுதும் பட்டியலில் நம் வீட்டுப் பொருள் ஒன்றுவிடாமல் ஏறியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க, தெருவுக்கு இரண்டு பேராவது பயிற்சி பெற வேண்டும். சிங்காநல்லூர் பகுதியில் இதற்கென ஒரு பயிற்சி முகாம் கேட்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு கொடுக்கலாம்; ஊர்களில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்துவது அவர்கள் வேலைகளில் ஒன்று. அதுவரை பாலிசி, பட்டா, மின் ரசீது, மெஷின் பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் மகளுக்கோ மச்சானுக்கோ அனுப்பி வையுங்கள். நகல் ஒரு கட்டு வேறு தெருவில், மேட்டில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பரணில் இருக்கட்டும்.