முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்!

பழைய பொருள்களின் மீது மனிதனுக்கு உள்ள பற்று விசித்திரமானது. பாட்டி உபயோகித்த வெற்றிலைப் பெட்டியையும், தாத்தா கணக்கு எழுதிய சாய்வு மேஜையையும் நாம் போற்றி வைத்துக்கொள்கிறோம். இந்த விஷயத்தில் அமெரிக்கர்கள் நம்மையும் மிஞ்சிவிட்டார்கள். அவர்கள் தாத்தாவின் லாரியையே போற்றி வைத்துக்கொள்கிறார்கள்!

2013-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், நெப்ராஸ்கா மாகாணத்திலுள்ள பியர்ஸ் என்னும் சிற்றூரில் ஓர் ஏலம் நடைபெற்றது. செவர்லே மோட்டார் வியாபாரி ஒருவர் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த சுமார் 500 வண்டிகள் திறந்த வயலில் வரிசை வரிசையாக நின்றன. அவற்றுள் ஒன்று 1958-ஆம் வருஷத்துப் பிக்கப் லாரி. அது பிறந்தது முதல் ஓடிய தூரம் ஒன்றேகால் மைலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்த லாரி 1,40,000 டாலருக்கு விலை போயிற்று. உழைக்கவே உழைக்காத உழைப்பாளிக்கு இத்தனை மதிப்பு!

ஆனால் நாம் இங்கே பேச வந்தது அத்தகைய பாக்கியசாலி வண்டியைப் பற்றியல்ல. வைக்கோலும் சோள மூட்டையும் சுமந்து, மழையிலும் பனியிலும் நின்று, துருவேறி, ஏதோ ஒரு களஞ்சியத்தின் மூலையில் சக்கரம் மண்ணில் புதையக் கிடக்கும் வண்டிகள் அந்நாட்டில் அநேகம். அவற்றை வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் தம் கையாலேயே பழுது பார்த்து மீண்டும் ஓடச் செய்வோர் அங்கே ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுடைய வேலை எந்த முறைப்படி நடக்க வேண்டும் என்பதே நம் விஷயம். ஏனெனில் இதில் முறை தவறினால் நஷ்டமாவது பணம் மட்டுமன்று.

பிக்கப் லாரி என்பது முன்னால் ஆட்கள் அமரும் சிறு அறையும், பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டியும் உடைய வண்டி. குடியானவர்கள் மோட்டார் காரின் பின்பாகத்தை வெட்டியெறிந்துவிட்டுப் பெட்டி அடித்துக்கொள்வதைப் பார்த்துத்தான், 1925-ஆம் வருஷம் போர்டு கம்பெனியார் தம்முடைய 'டி' மாடல் காரில் தொழிற்சாலையிலேயே சாமான் பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். யுத்தம் முடிந்த பிறகு, 1947-ஆம் வருஷத்தின் நடுவில் செவர்லே கம்பெனியார் புது உருவத்தில் லாரிகளை வெளியிட்டார்கள். அவற்றில் 3100 என்ற எண் கொண்ட அரை டன் பிக்கப் இன்றளவும் பழைய வண்டிப் பிரியர்களின் செல்லப் பிள்ளை. உருண்டு திரண்ட முகம், மூவர் நெருங்கி உட்காரக்கூடிய அறை, இரும்புப் பட்டைகளுக்கிடையே மரப்பலகை பதித்த தொட்டி, ஏறத்தாழ 90 குதிரைச் சக்தியுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின். 1955-ன் தொடக்கம் வரையில் இந்த ஜாதி வண்டிகள் உற்பத்தியாயின. இதற்கு வேண்டிய உதிரிப் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வீட்டில் வேலை செய்வோர் இதைத் தேடிப் பிடிப்பதற்கு அதுவே முக்கிய காரணம்.

வண்டி வீடு வந்து சேர்ந்ததும் பலருடைய மனம் இரண்டு பொருள்களின் மீது பாய்கிறது. ஒன்று வர்ணம், மற்றொன்று எஞ்சின். பளபளவென்று வர்ணம் பூச வேண்டும். பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு இருநூறு முந்நூறு குதிரைச் சக்தியுள்ள புது எஞ்சினை வைக்க வேண்டும். இந்த ஆசை இயற்கையானதே. ஆயினும் நாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு சிறு கணக்கை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். ஓடும் பொருளின் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 30 மைலில் போகும் வண்டி 60 மைலில் போனால், அதை நிறுத்துவதற்கு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டும். 1949-ல் செய்த பிரேக்கின் மேல் 300 குதிரைகளைக் கட்டி விடுகிறவன், கடிவாளம் இல்லாத குதிரையின் மேல் குழந்தையை ஏற்றி உட்கார வைக்கிறவனுக்குச் சமானம். ஆகையால் முதல் விதி இது: முதலில் வண்டி நிற்கட்டும், பிறகு ஓடட்டும்.

அந்த முதல் விதிக்கும் முன்னே ஒரு பூர்வாங்க விதி உண்டு. செப்பனிடுகிறவன் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? ஜாக்கியால் தூக்கிய வண்டியின் அடியில் ஒருகாலும் படுக்கலாகாது. கெட்டியான இரும்புத் தாங்கிகளை முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே புக வேண்டும். வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்த பெட்ரோல் தொட்டியில் எண்ணெய் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். அதன் அருகில் பற்றவைப்பு வேலை செய்வது வெடிமருந்துக் கிடங்கில் சுருட்டுப் பற்ற வைப்பது போலாகும். 1949 முதல் இந்த லாரிகளில் பெட்ரோல் தொட்டி ஆசனத்துக்குப் பின்புறம், அறைக்குள்ளேயே இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. பழைய பிரேக் கட்டைகளின் தூளில் கல்நார் கலந்திருக்கும். ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதைத் தேய்க்கும்போது கிளம்பும் புழுதி குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு வரக்கூடாது. கொட்டகை வீட்டை ஒட்டி இருக்கிறபடியால் இந்த எச்சரிக்கைகள் இரட்டிப்பு அவசியமாகின்றன.

இனி, பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்னும் குழலில் உள்ள திரவம் அழுத்தப்பட்டு, மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, கட்டைகளை டிரம்மின் மேல் அழுத்துகிறது. பாஸ்கல் கண்ட விதிதான் இது. பழைய லாரியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே அறைதான். எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். நான்கு பிரேக்கும் ஒருங்கே போய்விடும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பல்லாண்டு நின்ற வண்டியில் அந்த ஈரம் குழாயை உள்ளிருந்தே அரித்து வைத்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே குழாய்களையும், சக்கரத்துச் சிலிண்டர்களையும், ரப்பர் குழல்களையும் ஒன்று விடாமல் புதிதாக்குவதே விவேகம்.

அத்துடன் முன் சக்கரங்களுக்கு ஓர் அறையும் பின் சக்கரங்களுக்கு ஓர் அறையுமாக இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்தால், ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். 1968 முதல் அமெரிக்காவில் புதிய பயணிகள் கார்களுக்கு இப்படிப் பிரிந்த அமைப்பு கட்டாயமாயிற்று. முன் சக்கரங்களுக்கு டிரம்முக்குப் பதிலாக டிஸ்க் பிரேக் வைப்பதும் நல்லதே. ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. இந்த லாரியில் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தளத்துக்குக் கீழே, பிரேக்கைவிடத் தாழ்வாக அமைந்திருக்கிறது. பெடலை விட்டதும் திரவம் தாழ்ந்த இடத்தை நோக்கி வடிந்துவிடும். அடுத்த முறை முதல் மிதி வீணாகும். இதைத் தடுக்கச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சிறு வால்வு ஒன்றைக் குழாயில் சேர்க்கிறார்கள். கையளவுகூட இல்லாத பொருள். அது இல்லாவிட்டால் பெரிய பொருள்கள் எல்லாம் இருந்தும் பயனில்லை.

பிரேக்குக்கு அடுத்தது ஸ்டியரிங். சுக்கானை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தால், சக்கரம் திரும்புவதற்கு முன் எத்தனை தூரம் வெறுமனே ஆடுகிறது என்பது தெரியும். முன் அச்சின் முனையிலுள்ள கிங் பின்கள் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்ற வேண்டும். டயரின் பள்ளங்கள் புதிதுபோல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. பக்கவாட்டில் வெடிப்புக் கண்ட டயரை நம்பலாகாது. இருக்கைப் பட்டை அக்காலத்தில் இல்லை. இன்று பொருத்துவோர் அதைத் துருப்பிடித்த தகட்டில் வெறும் திருகாணியால் இறுக்கினால், ஆபத்து வேளையில் தகட்டோடு பெயர்ந்து வரும். அடியில் கனத்த இரும்புத் தகடு வைத்து இறுக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். அந்த லாரிகளில் இருந்தது 6 வோல்ட் பாட்டரி. ரப்பரும் துணியும் சுற்றிய கம்பிகள் இத்தனை வருஷத்தில் தொட்டால் உதிரும். எலிகளும் தம் பங்கைச் செய்திருக்கும். உறை கழன்ற கம்பி இரும்பைத் தொட்டால் தீப்பொறி. ஆகவே கம்பித் தொகுதி முழுவதையும் மாற்றி, ஒவ்வொரு கிளைக்கும் தனி ப்யூஸ் வைப்பது அவசியம். பலர் அதோடு 12 வோல்ட்டுக்கும் மாறிவிடுகிறார்கள். காரணம் எளிது. 60 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் வீணாகும் வெப்பம் கால் பங்காகிவிடும். 6 வோல்ட்டையே வைத்துக்கொள்ள விரும்புவோரும் பயப்பட வேண்டியதில்லை. பாட்டரிக் கம்பி நல்ல கனமாகவும், இணைப்புகள் துருவின்றியும் இருந்தால் போதும். 12 வோல்ட்டுக்குரிய மெல்லிய கம்பியைப் போட்டுவிட்டு, எஞ்சின் சுழலவில்லையே என்று பாட்டரியைக் குறை கூறுவதில் நியாயம் இல்லை.

இப்போது துருவைக் கவனிக்கலாம். அறையின் கீழ் மூலைகள், ஏறும் படிகள், காலடித் தளம் ஆகியவையே துரு முதலில் குடியேறும் இடங்கள். மேலே பூச்சுமாவை அப்பி மறைப்பது, சொத்தைப் பல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான். கெட்டியான தகடு தென்படும் வரையில் வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்ட வேண்டும். சிறு பாகங்களுக்குப் பள்ளிக்கூட ரசாயனம் போதும். தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த பாகத்தைப் பாட்டரி சார்ஜரின் எதிர் முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர் முனையிலும் இணைத்து முக்கி வைத்தால், சில மணி நேரத்தில் துரு நெகிழ்ந்துவிடும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. ஆதலால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். துருவேறா எஃகை நேர் முனையில் வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாக மாறி நீரில் கலக்கும். பெரிய தகடுகளின் மீது வேகமாக மணல் வீசித் துப்புரவு செய்யும் ஆசையையும் அடக்க வேண்டும். கோயில் திருப்பணியில் மணல் வீச்சினால் கல்வெட்டு எழுத்துக்கள் தேய்ந்த கதையை நாம் அறிவோம். மெல்லிய தகடோ நெளிந்தே போய்விடும்.

இத்தனைக்கும் பிறகுதான் எஞ்சினின் முறை வருகிறது. பழைய 216 கன அங்குல எஞ்சினில், இணைப்புத் தண்டுகளின் அடியிலுள்ள சிறு அகப்பைகள் எண்ணெயை வாரிக்கொள்ளும். நிதானமாக ஓட்டினால் நெடுநாள் உழைக்கும்; நெடுஞ்சாலையில் இடைவிடாமல் விரட்டினால் தாங்காது. இதே குடும்பத்தைச் சேர்ந்த 235 கன அங்குல எஞ்சின் 1954-ல் இந்த அரை டன் லாரிக்கு வந்தது. அதில் எண்ணெய் அழுத்தத்தோடு தண்டுகளின் தாங்கிகளுக்கே செல்கிறது. பார்வைக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும் அதைப் பொருத்தினால், வண்டியின் குணம் கெடாமல் உடல் வலு கூடுகிறது. பின் அச்சின் பல்சக்கரமும் கவனிக்கத்தக்கது. பழைய விகிதம் 4.11. 28 அங்குலச் சக்கரத்தோடு 60 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,960 சுற்றுச் சுற்ற வேண்டும். விகிதத்தை 3.55 ஆக்கினால் 2,560 சுற்றுப் போதும். ஒரு குதிரைச் சக்திகூடக் கூட்டாமல் எஞ்சினுக்கு இளைப்பாறுதல் கிடைக்கிறது.

இப்படியெல்லாம் மாற்றினால் அது பழைய வண்டிதானா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் அபிப்பிராயம் இதுதான்: உயிரைக் காக்கும் பாகங்களில் புதுமைக்குத் தயங்க வேண்டாம், கண்ணுக்கும் கைக்கும் பழகிய பாகங்களில் பழமையைக் கலைக்க வேண்டாம். கழற்றியதை எறியாமல், பெயர் எழுதி ஒரு பெட்டியில் வைத்தால், பின்னால் வருகிறவர் வேண்டுமானால் திரும்பப் பொருத்திக்கொள்வார். தொட்டியின் மரப்பலகையை மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டு, கீறல் விழுமென்று ஒரு மூட்டையும் ஏற்ற மறுப்பது பொன்னால் மண்வெட்டி செய்து பூஜை அறையில் வைப்பதற்கு ஒப்பாகும். சுமப்பதற்குப் பிறந்த வண்டி கொஞ்சமாவது சுமக்கட்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, சாலைக்குப் போகுமுன் பிரேக் பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துப் பார்க்க வேண்டும். பெடல் மெல்லக் கீழே இறங்கினால், வர்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரத் தகுதி பெறவில்லை. இறங்காமல் நின்றால், முதலில் முற்றத்திலும் பிறகு ஆளில்லாத தெருவிலுமாக மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்க்கலாம். பந்தைத் துரத்திக்கொண்டு சாலையின் குறுக்கே ஓடி வரும் குழந்தைக்கு, எதிரே வருவது 1949-ஆம் வருஷத்து வண்டி என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.