நமக்குச் செரிக்கும் பரோட்டா மாட்டைக் கொல்வது ஏன்?

2024 ஜூன் மாதம் கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில், ஒரு பால் பண்ணையில் 5 மாடுகள் இறந்தன. விஷம் எதுவும் இல்லை. தீவனத்தோடு அளவுக்கு மேல் போட்ட பரோட்டாவும் பலாப்பழமும்தான் காரணம்.

நைட் ஷிப்ட் முடிந்து நாலு பரோட்டாவை சால்னாவில் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டவருக்கு இது விநோதமாகத் தெரியலாம். மைதாவில் அப்படி என்னதான் இருக்கு? சிக்கல் மைதாவில் மட்டும் இல்லை. அது முதலில் போய் விழுகிற இடத்தில் இருக்கு.

உங்கள் உடம்பில் பரோட்டா முதலில் அமிலம் நிறைந்த இரைப்பைக்குப் போகிறது. பெரும்பாலான கிருமிகள் அங்கேயே காலி. அடுத்து சுமார் 6 மீட்டர் நீளச் சிறுகுடல். அங்கே என்சைம்கள் மாவுச்சத்தை உடைத்து, குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்க்கின்றன. மிச்சம் மீதிதான் பெருங்குடலில் காத்திருக்கும் பாக்டீரியாக்களுக்கு. அதாவது முதல் பந்தி நமக்கு, கடைசிப் பந்தி அவற்றுக்கு.

மாட்டுக்கு இந்த வரிசை தலைகீழ். 'மாட்டுக்கு நாலு வயிறு' என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உண்மையில் ஒரே வயிறு, நாலு அறை. ரூமன் எனப்படும் முதல் அறை, வளர்ந்த பசுவில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே அமிலம் சுரக்காது. கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லின் செல்லுலோஸை உடைக்கும் என்சைம் நம்மைப் போலவே மாட்டுக்கும் கிடையாது. நுண்ணுயிர்கள்தான் புல்லைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே நாலாவது அறைக்குப் போய்ச் செரித்து, மாட்டுக்குப் புரதமாகின்றன. புல்லைப் போட்டுக் கிருமி வளர்த்து, அந்தக் கிருமியையே சாப்பிடுகிற பிராணி அது!

(யானை, குதிரை, முயலுக்கு இந்தப் புளிப்புத் தொட்டி குடலின் பின்பகுதியில் இருக்கு. முயல் தன் புழுக்கையில் ஒரு வகையை மறுபடி தின்பது, அங்கே உருவான சத்தை வீணாக்காமல் இருக்கத்தான்.)

இப்போ அந்தத் தொட்டியில் ஒரு கூடை பரோட்டா விழுகிறது. புல் மெதுவாகப் புளிக்கும். மாவுச்சத்து மளமளவென்று புளிக்கும். லாக்டிக் அமிலம் பெருகி, வழக்கமாக 6-7 அளவில் இருக்கும் பிஹெச் 5-க்கும் கீழே இறங்கும். நல்ல நுண்ணுயிர்கள் சாகும். ரத்தத்திலிருந்து நீர் ரூமனுக்குள் இழுக்கப்படும், அமிலம் ரத்தத்தில் கலக்கும், ரூமன் அசைவதையே நிறுத்திவிடும். அசை போடும்போது ஊறும் உமிழ்நீர் அமிலத்தைத் தணிக்கும். ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல்கூட ஊறும். ஆனா மெத்தென்ற பரோட்டாவை அசை போட என்ன இருக்கு?

சாதம், பொங்கல், பிரெட், கல்யாண மண்டபத்து மிச்சம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வட இந்திய வீடுகளில் முதல் ரொட்டியைப் பசுவுக்கு எடுத்து வைப்பார்கள். ஒரு ரொட்டியால் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே மாட்டுக்கு அந்தத் தெருவே கொடுக்கும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு கட்டு புல்லோ கீரையோ வாங்கிக் கொடுங்கள், பிளாஸ்டிக் பையோடு வேண்டாம். ரூமனுக்குள் போன பை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும்.

தெருவில் ஒரு மாடு அசை போடாமல், இடது பக்க வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தால் 1962-க்கு போன் பண்ணுங்கள். பல மாநிலங்களில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது.